மணிக்கட்டில் நரம்பு நெரிபடும்போது கிருமியைத் தேடுவது எப்படி

ராத்திரி கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, எழுந்து உதறினால் தேவலாம் போலிருக்கிறது, காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண கார்ப்பல் டனல் தொல்லைதான், அதாவது மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெரிபடுவது. சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், முடக்குவாதம், ஓயாத கைவேலை என்று ஏதாவது பின்னால் இருக்கும். பலருக்குக் காரணமே இருக்காது. ராத்திரி மணிக்கட்டு அசையாதபடி ஸ்ப்ளிண்ட் போடுவது, மிஞ்சினால் ஒரு ஊசி, அதற்கும் மிஞ்சினால் ஒரு சின்ன ஆபரேஷன் என்று கதை முடிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக எப்போதாவது ஒருவர் காசநோயோடு வருவார். இன்னொருவர் தொழுநோயோடு, வேறொருவர் மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து தொற்றும் கிருமியோடு. மரத்துப்போகிற விரல்கள் மூவருக்கும் ஒன்றுதான். செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இவர்களைத் தவறவிடுவதற்குக் காரணம் நோயின் அபூர்வம் மட்டுமல்ல. பார்க்காமலே ஸ்டீராய்டு ஊசி போடுவதும், ஆபரேஷனில் எடுத்த திசுவை மொத்தமாக ஃபார்மலினில் போட்டுவிடுவதும்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கின்றன. இரண்டுமே தவிர்க்கக் கூடியவை.

இது தாலுகா மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கை நோயாளிகளைப் பார்க்கிற இளம் மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் எழுதப்பட்டது. கை மரத்துப்போகிறவர்களும் படிக்கலாம். ஆனால் இதில் வரும் மருந்தளவுகள் டாக்டர் எழுதிக் கொடுப்பதற்கானவை. கடையில் கேட்டு வாங்குவதற்கல்ல.

முதலில் இடம்

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சுரங்கம். தரையும் சுவரும் எலும்பு, கூரை கெட்டியான நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள், அவற்றோடு மீடியன் நரம்பு. நரம்பு கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் தடித்தாலும் விலக வேறு இடம் இல்லாததால் நரம்பு நசுங்குகிறது. சாதாரணமாக உள்ளே அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும், 30-ஐத் தாண்டினால் நரம்புக்குப் போகிற ரத்தம் குறைய ஆரம்பிக்கிறது.

கிருமியைப் பொறுத்தவரை முக்கியம் அந்த உறைகள்தான். நடு மூன்று விரல்களின் உறை உள்ளங்கையோடு நின்றுவிடும். கட்டைவிரலுடையதும் சுண்டுவிரலுடையதும் மட்டும் சுரங்கத்தைக் கடந்து முன்கை வரை நீள்கின்றன, பலருக்கு இவை இரண்டும் மணிக்கட்டருகே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. சுண்டுவிரலில் ஏறிய முள்ளின் சீழ் கட்டைவிரலில் போய் வீங்குவது இந்த வழியாகத்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கட்டைவிரல் மேட்டின் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் கிளை, மணிக்கட்டு ரேகைக்குச் சுமார் 5 செ.மீ. மேலேயே பிரிந்து, கூரைக்கு வெளியே போகிறது. எனவே சுரங்கத்துக்குள் நெரிசல் என்றால் விரல்கள் மரக்கும், கட்டைவிரல் மேடு மரக்காது. அதுவும் மரத்திருந்தால் கோளாறு சுரங்கத்துக்கு மேலே இருக்கிறது. தொழுநோய் மீடியன் நரம்பைப் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான்.

யார்மேல் சந்தேகம் வர வேண்டும்

சாதாரண கார்ப்பல் டனல் நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம், பெரும்பாலும் இரண்டு கையிலும் இருக்கும், வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சித்திரத்துக்குப் பொருந்தாத எவரையும் நிறுத்திப் பாருங்கள். ஒரே கை, அதுவும் அதிகம் புழங்காத கை. இளைஞர். மணிக்கட்டின் உட்புறம் புடைத்திருக்கிறது. விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. 6 வாரம் ஸ்ப்ளிண்ட் போட்டும் அசையவில்லை. ஊசி போட்ட ஒரு வாரம் சுகமாக இருந்து பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி, தையல் போட்ட இடம் ஆறாமல் கசிகிறது. கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே, வேறுவிதமாக நிரூபணமாகும் வரை கிருமி என்றே வைத்துக்கொண்டு நடக்கலாம்.

கேள்விகளில் "என்ன வேலை?" என்பதோடு நிறுத்தாதீர்கள். மீன் வெட்டுகிறவரா, இறால் உரிக்கிறவரா, வீட்டில் மீன்தொட்டி உண்டா? சென்னைக் கொளத்தூர் போல அலங்கார மீன் வியாபாரம் நடக்கும் பகுதிகளில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். கருவேல முள், பேரீச்ச முள், ரோஜா முள் ஏதாவது ஏறியதா? 3 மாதம் பின்னோக்கிக் கேளுங்கள். அற்ப விஷயம் என்று மறந்திருப்பார்கள். நாய், பூனை கடித்ததா? வீட்டில் யாருக்காவது டிபி மருந்து கொடுத்தார்களா? முடக்குவாதத்துக்கோ சிறுநீரக மாற்றுக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஓடுகிறதா? காய்ச்சலும் மூட்டுவலியும் வந்துபோய் எத்தனை மாதம்? உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் உண்டா?

ஐந்து நிமிடப் பரிசோதனை

இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றச் சொல்லி, உள்ளங்கைகள் உங்களைப் பார்க்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட வேண்டும். மணிக்கட்டை மட்டும் பார்த்தால் முன்கைப் புடைப்பு தெரியாது. பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்தால் இரண்டு மணிக்கட்டுகளின் உயர வித்தியாசம் தெரியும்.

உள்ளங்கையில் ஒரு புடைப்பு, மணிக்கட்டு ரேகைக்கு மேலே இன்னொரு புடைப்பு, நடுவில் கூரைப்பட்டை அழுத்துவதால் ஒரு இடுக்கு. இப்படி இருந்தால் ஒரு கையின் இரண்டு விரலை மேல் புடைப்பிலும், மறு கையின் இரண்டு விரலைக் கீழ்ப் புடைப்பிலும் வைத்து மாறிமாறி அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் விரலைத் தூக்கினால் இரண்டும் ஒரே பை. அழுத்தும்போது விரலுக்கடியில் நறநறவென்று ஏதோ நழுவி ஓடினால் உள்ளே 'அரிசி மணிகள்', அதாவது அரிசி போன்ற திசுத் துணுக்குகள் இருக்கின்றன. காம்பவுண்ட் பால்மர் கேங்கிலியான் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நம் நாட்டில் இதைப் பார்த்தால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். ஆனால் முடக்குவாதத்திலும் அரிசி மணிகள் வரும், அதனால் கையால் தொட்டதை வைத்து மட்டும் டிபி மருந்தை ஆரம்பித்துவிடக் கூடாது.

அடுத்து நரம்பு. மணிக்கட்டை முழுதாக மடக்கி 60 விநாடி வைத்திருப்பது ஃபேலன் சோதனை. சுரங்கத்தின்மேல் கட்டைவிரலால் 30 விநாடி அழுத்துவது டர்கன் சோதனை. வீக்கம் பெரிதாக இருந்தால் மடக்கவே முடியாது, அப்போது டர்கன் போதும். கட்டைவிரலின் பலத்தைப் பார்க்க, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலை அறையின் கூரையை நோக்கி நேராக நிமிர்த்தச் சொல்லி, நீங்கள் கீழே தள்ளுங்கள். பக்கவாட்டில் நீட்டச் சொன்னால் வேறு தசை ஈடுகொடுத்து உங்களை ஏமாற்றிவிடும்.

உணர்ச்சியைப் பார்க்கும்போது நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா முனையால் தோல் லேசாகக் குழியும் அளவு தொட்டால் போதும். கோடு இழுக்கக் கூடாது. மோனோஃபிலமென்ட் இருந்தால் கைக்கு 2 கிராம் இழை. நுனிவிரல்கள், கட்டைவிரல் மேடு, சுண்டுவிரல் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பலரும் விட்டுவிடும் வேலை: மற்ற நரம்புகளைத் தொட்டுப் பார்ப்பது. முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் உல்நார் நரம்பு, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் ரேடியல் நரம்பின் தோல்கிளை, கழுத்தின் பக்கவாட்டில் காதை நோக்கிப் போகும் நரம்பு, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் பெரோனியல் நரம்பு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். கயிறுபோலத் தடித்து, தொட்டால் வலித்தால் தொழுநோயைத் தேடிப் போகலாம். முதுகையும் பிட்டத்தையும் வெளிச்சத்தில் பார்க்காமல் 'தேமல் இல்லை' என்று எழுதாதீர்கள். விரலில் தெரியாமல் சுட்ட தழும்பு, வியர்க்காத வறண்ட உள்ளங்கை இரண்டும் நல்ல துப்பு.

ஊசியைக் கீழே வையுங்கள்

வீக்கம் கண்ணுக்குத் தெரிகிற மணிக்கட்டில், காரணம் தெரியும் வரை ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். டிபி கிருமியோ அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற மைக்கோபாக்டீரியாவோ இருக்கிற உறையில் அதைச் செலுத்தினால் வீக்கம் முதலில் வடியும், நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போவார். கிருமி அதே நேரத்தில் தடையில்லாமல் பெருகி, சில வாரங்களில் தசைநாணுக்குள்ளும் எலும்புக்குள்ளும் இறங்கும். அதைவிடச் சங்கடம், இடையில் எடுக்கிற பயாப்சியில் வழக்கமான கிரானுலோமா (டிபி போன்ற நோய்களில் தெரியும் அணுக் கூட்டம்) தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

கண்ட ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். குறிப்பாக லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் வகை காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரைக் கெடுக்கும், நோயைக் கொல்லாது. காய்ச்சலும் சீழும் இல்லாத நாள்பட்ட வீக்கம் என்றால் திசு எடுக்கும் வரை எந்தக் கிருமிக்கொல்லியும் கொடுக்காமல் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

டெஸ்டுகள், பணத்தை வீணாக்காமல்

ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., எச்.பி.ஏ.1சி., டி.எஸ்.எச்., முடக்குவாதக் காரணி, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும். ஈ.எஸ்.ஆர். நார்மல் என்பதால் டிபி இல்லை என்று ஆகாது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் சகஜம். மான்டூ, இக்ரா சோதனைகள் உடம்பில் என்றோ டிபி கிருமி நுழைந்திருப்பதைச் சொல்லும். இந்த மணிக்கட்டில் இருப்பது அதுதானா என்று சொல்லாது. நம் ஊரில் பாதிப்பில்லாத பெரியவர்களுக்கும் பாசிட்டிவ் வரும் என்பதால் இவற்றுக்குச் செலவழிக்காமல் அந்தப் பணத்தை அல்ட்ராசவுண்டுக்கு ஒதுக்குங்கள்.

அல்ட்ராசவுண்ட் கேட்கும்போது 'கார்ப்பல் டனல்' என்று ஒற்றை வரி எழுதினால் நரம்பின் தடிமனை அளந்து அனுப்பிவிடுவார்கள். 'உறை தடித்திருக்கிறதா, அரிசி மணி உண்டா, முன்கை வரை பாருங்கள், உல்நார் நரம்பையும் முழங்கையில் அளந்து பாருங்கள்' என்று எழுதுங்கள். சாதாரண நெரிசலில் நரம்பு சுரங்க வாசலில் மட்டும் பருத்திருக்கும். தொழுநோயில் பருமன் மேலே முன்கைக்குள் நீளும், வீக்கம் சூடாக இருக்கிற கட்டத்தில் டாப்ளரில் நரம்புக்குள்ளேயே ரத்த ஓட்டம் தெரியும். ஆபரேஷன் திட்டமிடும்போது எம்.ஆர்.ஐ. உதவும், எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று காட்டும். நரம்புக் கடத்தல் சோதனை நெரிசலின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

திசு எங்கே போக வேண்டும்

ஆபரேஷன் என்று முடிவானால் திறந்த முறைதான். எண்டோஸ்கோப்பில் கூரையை மட்டும் வெட்டினால் உறையை எடுக்க முடியாது. உள்ளங்கை வெட்டை மணிக்கட்டு ரேகையை நேராகக் கடக்காமல், கோணலாகத் திருப்பி முன்கைக்குள் கொண்டுபோக வேண்டும். நேர்க்கோட்டில் கடந்தால் தழும்பு இழுத்துக்கொள்ளும். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டை போடுமுன் கையை இறுக்கிச் சுற்றி ரத்தத்தைப் பிழியும் எஸ்மார்க் பட்டை இங்கே கூடாது, சீழை மேலே தள்ளிவிடும். கையை 3 முதல் 5 நிமிடம் உயர்த்திப் பிடித்துவிட்டு டூர்னிகேயை ஏற்றினால் போதும்.

கூரை முழுதும் பிளந்த பிறகு முதலில் நரம்பையும், கட்டைவிரல் தசைக்குப் போகும் அதன் கிளையையும் அடையாளம் கண்டு ஒதுக்கிவைத்துவிட்டு, தடித்த உறையைத் தசைநாண்களிலிருந்து உரித்தெடுங்கள். அரிசி மணிகள் நூற்றுக்கணக்கில் கொட்டலாம். விரல்களுக்குள் போகும்போது தசைநாணை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் வளையங்களை விட்டுவிடுங்கள். நரம்பின் உறையைக் கீற வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். திசுவை எடுத்துக் கொடுத்தவுடன் நர்ஸ் பழக்கப்படி ஃபார்மலின் பாட்டிலை நீட்டுவார். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதில் விழுந்த துண்டில் எந்தக் கல்ச்சரும் வளராது. ஆபரேஷன் தொடங்குமுன்பே டப்பாக்களில் லேபிள் ஒட்டி வரிசையாக வைத்துவிடுங்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து கடலைப்பருப்பு அளவில் 5, 6 துண்டுகள் எடுத்து இப்படிப் பிரியுங்கள்:

1. 10 சதவீத ஃபார்மலின், திசுவைப்போல் 10 மடங்கு அளவு. நோய்க்குறியியல் பரிசோதனைக்கு. முடிந்தால் அரிசி மணிகள் சிலவும்.

2. கிருமிநீக்கிய டப்பா, துண்டு நனையும் அளவு நார்மல் சலைன். கிராம் சாயம், சாதாரண பாக்டீரியா கல்ச்சர்.

3. இன்னொரு கிருமிநீக்கிய டப்பா, அதே சலைன். ஏ.எஃப்.பி. ஸ்மியர் (மைக்கோபாக்டீரியாவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது), சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), மைக்கோபாக்டீரியா கல்ச்சர்.

4. இன்னொன்று பூஞ்சைக் கல்ச்சருக்கு.

பஞ்சுக் குச்சியில் ஒற்றி அனுப்புவது இங்கே எதற்கும் உதவாது. ஒட்டிக்கொள்ளும் மைக்கோபாக்டீரியா மிகச் சொற்பம், அதிலும் பாதி பஞ்சை விட்டு வெளியே வராது. சலைன் டப்பாக்கள் அன்றைக்கே ஆய்வகம் போய்ச்சேர வேண்டும். மூன்றாம் டப்பா தாமதமானால் ஃபிரிட்ஜில் இருக்கலாம், ஃபிரீசரில் அல்ல.

ஆய்வகச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: 'மீன், முள், ஊசி சம்பந்தம் உண்டு, 30 டிகிரியிலும் வளர்க்கவும்.' டிபி கிருமி 37 டிகிரியில் வளரும். மீன்தொட்டிக் கிருமியான மைக்கோபாக்டீரியம் மெரினம், ஊசித் தொற்றில் வரும் கீலோனே போன்றவை 30 முதல் 32 டிகிரியில்தான் நன்றாக வளரும். சொல்லாவிட்டால் 37-ல் மட்டும் வைத்து, வளரவில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

சிபிநாட் முடிவை வாசிக்கும்போதும் கவனம் வேண்டும். அது காசநோய்க் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் மட்டும் பார்க்கிறது. ஸ்மியரில் ஏ.எஃப்.பி. தெரிந்து, சிபிநாட் நெகட்டிவ் என்றால் வேறு மைக்கோபாக்டீரியாவை நினையுங்கள். இரண்டும் நெகட்டிவ், நோய்க்குறியியலில் கிரானுலோமா என்றால் டிபி இன்னும் கணக்கில்தான் இருக்கிறது. உறைத் திசுவில் கிருமிகள் குறைவு. திரவக் கல்ச்சருக்கு 6 வாரம், திட ஊடகத்துக்கு 8 வாரம் வரை பொறுக்க வேண்டும். சிக்கலான மாதிரிகளுக்குச் சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாவட்டக் காசநோய் அலுவலர் வழியாக அனுப்பலாம்.

காசநோய் என்றால்

எலும்பு, மூட்டு வகையில் சேர்த்து முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்து 10 மாதம் மூன்று மருந்து, தேவைப்பட்டால் நீட்டலாம். தேசியத் திட்டத்தின் நான்கு மருந்துக் கூட்டு மாத்திரையில் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. இருக்கிறது. தினமும் 35 முதல் 49 கிலோவுக்கு 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோவுக்கு 4, 65 முதல் 75 கிலோவுக்கு 5. எடை கூடினால் மாத்திரையும் கூட வேண்டும் என்பதால் மாதாமாதம் எடை பாருங்கள்.

ஐசோனியாசிடே நரம்பை மரக்கவைக்கும். பைரிடாக்சின் தினம் 10 மி.கி. கூடவே கொடுத்தால் தடுக்கலாம். மருந்து தொடங்கி மூன்றாம் மாதத்தில் 'திரும்பவும் மரக்கிறது' என்று வந்தால் மணிக்கட்டைத் திறப்பதற்கு முன் கால் விரல்களைப் பாருங்கள். இரண்டு காலும் மரத்திருந்தால் மருந்தின் வேலை. எத்தாம்பியூட்டால் ஓராண்டு ஓடுவதால், தொடங்குமுன் சிவப்பு-பச்சை நிறப் பார்வையைச் சோதித்து எழுதிவைத்து, ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் வீக்கம் கொஞ்சம் ஏறுவதும், கழுத்தில் நெறி கட்டுவதும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வதால் வருவது; மருந்தை மாற்றுமுன் கல்ச்சர் முடிவையும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். டிபி 2012 முதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிந்தால்தான் நோயாளிக்கு இலவச மருந்தும், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் போய்ச்சேரும்.

மீன்தொட்டியும் ஊசிமுனையும்

மெரினம் தொற்று பெரும்பாலும் விரல் கீறலில் சிவந்த முடிச்சாகத் தொடங்கும், கீறல் பட்டு 2 முதல் 4 வாரம் கழித்து. சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். கைமேல் வரிசையாக முடிச்சு ஏறலாம், அல்லது நேரே உறைக்குள் இறங்கி நரம்பை நெரிக்கலாம். டிபி மருந்தை அப்படியே கொடுத்தால் அரைகுறையாகக் கேட்கும். பைரசினமைட் இதற்கு வேலை செய்யாது. கிளாரித்ரோமைசின் 500 மி.கி. இரண்டு வேளை, எத்தாம்பியூட்டால் கிலோவுக்கு 15 மி.கி. என்பது வழக்கமான ஜோடி. உறைக்கோ எலும்புக்கோ இறங்கியிருந்தால் ரிஃபாம்பிசினும் சேரும். ரிஃபாம்பிசின் கிளாரித்ரோமைசின் அளவை ரத்தத்தில் குறைக்கும் என்பது தெரிந்தே சேர்க்கிறோம். அறிகுறிகள் முற்றிலும் போன பிறகும் 1, 2 மாதம் தொடர வேண்டும். ஆழமான தொற்றில் மொத்தம் அரை ஆண்டு பிடிக்கலாம்.

ஊசி போட்ட இடத்தில் வரும் கீலோனே, அப்செசஸ் வகைகளுக்கு டிபி மருந்துகள் சுத்தமாகப் பயன்படா. கல்ச்சரில் எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த பிறகே முடிவு. இவை குழாய்த் தண்ணீரில் வாழ்பவை. ஒரே கிளினிக்கிலிருந்து இரண்டாவது நோயாளி வந்தால் ஊசிக் குப்பிகளைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய நேரம்.

தொழுநோயில் ஸ்டீராய்டே காப்பாற்றும்

இங்கே சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. டிபி உறையில் கேடு செய்த ஸ்டீராய்டு, நரம்பு திடீரென்று அழன்று வீங்கும் தொழுநோய் எதிர்வினையில் வாய்வழியாகக் கொடுத்தால் கையைக் காப்பாற்றும்.

தொழுநோயில், சுண்டுவிரலுக்கு உணர்ச்சி தரும் உல்நார் நரம்பு முந்திக்கொள்ளும். அது தப்பி, மீடியன் மட்டும் அடிபடுவது அபூர்வம். எனவே சுண்டுவிரலும் சேர்ந்து மரத்திருந்தால், நோயாளி 'வலியில்லை, சும்மா மரக்கிறது' என்றால், ராத்திரி விழிப்பே இல்லை என்றால், கத்தியை எடுக்குமுன் நரம்புகளைத் தொட்டுப் பாருங்கள். சிலருக்குத் தேமலே இருக்காது, நரம்பில் மட்டும் நோய் இருக்கும். அப்போது ரேடியல் நரம்பின் தோல்கிளை போன்ற, அசைவுக்குச் சம்பந்தமில்லாத நரம்பிலிருந்துதான் பயாப்சி. மீடியனைத் தொடக் கூடாது.

கூட்டு மருந்து சிகிச்சை குறைந்த கிருமி வகைக்கு 6 மாதம், மிகுந்த கிருமி வகைக்கு 12 மாதம். ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு அடிபட்டிருந்தால் மிகுந்த கிருமி வகைதான். நரம்பு வலித்தாலோ, கடந்த 6 மாதத்துக்குள் உணர்ச்சியோ பலமோ குறைந்திருந்தாலோ, பிரெட்னிசோலோன் தினம் 40 மி.கி. காலையில் ஒரே வேளையாகத் தொடங்கி, 12 முதல் 20 வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், டிபி இவற்றைப் பார்க்காமலும், குடற்புழுவுக்கு மருந்து கொடுக்காமலும் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உணர்ச்சியையும் கட்டைவிரல் பலத்தையும் அதே முறையில், முடிந்தால் அதே ஆள் பார்த்து எழுத வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தும் வலி தணியாமல் பலம் இறங்கிக்கொண்டே போனால் அப்போது நரம்பை விடுவிக்கும் ஆபரேஷன்.

பலம் திரும்பாத கட்டைவிரலுக்கும் வழி உண்டு. வேலை செய்கிற தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைப்பார்கள். இந்தக் கை அறுவைகளை 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் வளர்த்தெடுத்தார். இன்றும் வேலூரை அடுத்த கரிகிரி, செங்கல்பட்டுத் திருமணி தொழுநோய் நிலையங்களுக்கு அனுப்பலாம்.

மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது

மேலே சொன்னவையெல்லாம் வாரக்கணக்கு. சீழ்த்தொற்று அப்படியல்ல. விரல் மொத்தமும் வீங்கி, லேசாக மடங்கியபடி நின்று, உறை நெடுகத் தொட்டால் வலித்து, நிமிர்த்தினால் உயிர் போகிறது என்றால் உறைக்குள் சீழ் என்பதற்குக் கானவெல் சொன்ன நான்கு அறிகுறிகளும் வந்துவிட்டன. இதோடு சில மணிநேரத்துக்குள் விரல்கள் மரக்க ஆரம்பித்தால் நரம்புக் கடத்தல் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். சீழில் மாதிரி எடுத்து, ரத்தக்குழாய்வழி ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கி, அன்றைக்கே ஆபரேஷன் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ்தான் குற்றவாளி. நாய், பூனைக் கடியில் அவற்றின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா கிருமிக்கும் சேர்த்து அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வகை வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசியும் வேண்டும். கை வீக்கத்தின் பரபரப்பில் இரண்டாவதை மறந்துவிடுவார்கள். கடலில் கீறிய கையில் ரத்தக் கொப்புளம் வந்து, ஆள் மயங்கினாற்போல் இருந்தால் கடல்நீர்க் கிருமியான விப்ரியோ. செஃப்ட்ரியாக்சோனோடு டாக்ஸிசைக்ளின், உடனே.

கத்தி தேவைப்படாதவை

சிக்குன்குனியா வந்துபோன பின் மணிக்கட்டு உறைகள் மாதக்கணக்கில் வீங்கிக்கிடக்கும். கைகள் இரண்டும், பிற மூட்டுகளோடு சேர்ந்து, காலையில் விறைப்பாக இருக்கும். காய்ச்சல் கட்டத்தில் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். பிறகு வலிநிவாரணி, ராத்திரி ஸ்ப்ளிண்ட், பொறுமை. பெரும்பாலோருக்குத் தானே தணியும். 3 மாதம் தாண்டினால் வாத நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முள் ஏறிய கையில் பூஞ்சையும் வரலாம். ஸ்போரோட்ரிக்ஸ் இமயமலை அடிவாரத்தில் சகஜம், இங்கே அரிது. இட்ராகொனசோல் 200 மி.கி. இரண்டு வேளை, உறை, எலும்புத் தொற்றுக்கு ஓராண்டு. காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ராசோல் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. முள் துண்டு உள்ளே கிடந்தால் எந்த மருந்தும் கேட்காது. எக்ஸ்ரேயில் முள் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தேடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு

விரல்களை மறுநாளே அசைக்கச் சொல்லுங்கள். உறை உரித்த தசைநாண்கள் அசையாமல் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், மரப்பு போனாலும் முஷ்டி மூடாத கைதான் மிஞ்சும். மணிக்கட்டை மட்டும் ஒரு வாரம் ஸ்ப்ளிண்டில் வைத்து, மணிக்கொருமுறை 10 தடவை முழுதாக மடக்கி நீட்ட வேண்டும். தையல் 12 முதல் 14 நாளில் பிரிக்கலாம். உணர்ச்சி திரும்பும் வரை அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கக் கூடாது, பீடி, சிகரெட்டை அந்தக் கையில் பிடிக்கக் கூடாது. திடீரென்று ஒரு விரல் மடங்காமல் போனால் அரிக்கப்பட்ட தசைநாண் அறுந்திருக்கும். அன்றே வரச் சொல்லுங்கள்.

நோயாளியின் சீட்டிலும் உங்கள் நோட்டிலும் கல்ச்சர் எண்ணையும் எட்டாவது வாரத் தேதியையும் எழுதிவையுங்கள். தையல் பிரிக்க வந்தபோது 'இதுவரை வளர்ச்சி இல்லை' என்று வந்த இடைக்கால ரிப்போர்ட்டையே இறுதி என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆய்வகம் தானாகக் கூப்பிடும் என்று காத்திருக்காமல், அந்தத் தேதியில் நீங்கள் போன் போட்டுக் கேளுங்கள்.